ஆய்வேட்டின் நடுவில் ஓய்வுபெற்றுப் போன மென்பொருள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் இருந்துகொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, பகுதிநேரமாக முதுகலை செய்கிறவர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆசிரியர்கள். அவர்களில் பலர் ஆய்வுக்குப் பயன்படுத்துவது ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம் என்பது முதல் காரணம். சீனியர் யாராவது எழுதி வைத்த ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு, கைக்கு வந்துவிடும் என்பது இரண்டாவது. எனக்கும் அப்படித்தான் வந்தது. 2023 கடைசியில் அது ஓடாமல் போனது. ஒரு தவணை முழுக்கப் போயிற்று, மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கையைவிட்டுப் போயிற்று, வீட்டில் சமாதானம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என் ஆய்வு கணினியைப் பற்றியது அல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்ட பிறகு, பழைய லயன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருந்த இடத்துக்கும் இன்று அந்தக் குடும்பங்கள் வாழும் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகள்), இன்றைய தமிழ்ப்பள்ளிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்ப்பதுதான் வேலை. இன்றைய இடங்களைக் கைப்பேசி ஜிபிஎஸ் கொடுத்துவிடும். பழைய லயன்களும் கோயில்களும்தான் சிக்கல். அவை பழைய நில அளவை வரைபடங்களில் இருக்கின்றன. எனக்கு முன் அதே துறையில் படித்த ஓர் அக்கா அந்த வரைபடங்களிலிருந்து ஆயத்தொலைகளை, அதாவது ஓர் இடத்தைக் குறிக்கும் எண்களை, ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பாக்கி வைத்திருந்தார். அதை இன்றைய ஜிபிஎஸ் கணக்குக்கு மாற்றி, தூரம் அளந்து, படம் வரைந்து கொடுக்கும் ஆர் ஸ்கிரிப்டையும் சேர்த்துக் கொடுத்தார். "பட்டனத் தட்டுனா போதும்மா, எல்லாம் தானா வரும்" என்றார். உண்மையிலேயே ஓர் ஆண்டுக்கு மேல் தானாகத்தான் வந்தது.

2023 இறுதிப் பள்ளி விடுமுறையில் என் லேப்டாப் செத்தது. பழுது பார்த்தவர் ஹார்ட்டிஸ்க் தப்பவில்லை என்று சொல்லிவிட்டார். கோப்புகள் மின்னஞ்சலில் இருந்ததால் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஈப்போவில் பழைய லேப்டாப் ஒன்று 1,100 வெள்ளிக்கு வாங்கி, ஆரைப் புதிதாக இறக்கி, ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். முதல் வரியிலேயே நின்றது. ஆர்ஜிடால் என்ற தொகுப்பு (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்) இந்த ஆர் பதிப்புக்குக் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு செய்தி. எழுத்துப்பிழையா, இணையக் கோளாறா என்று மறுபடி மறுபடி முயன்றேன். ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்று ஸ்கிரிப்டில் இருந்த மற்ற இரண்டும் அதே பதில்தான் சொல்லின. தேர்வுத்தாள் திருத்தும் வேலை ஒருபக்கம், பிள்ளைக்குக் காய்ச்சல் ஒருபக்கம், இது ஒருபக்கம். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் ஆர் பற்றி ஒன்றும் தெரியாது. "பழைய லேப்டாப்ல ஓடுச்சுன்னா பழைய லேப்டாப்பையே சரி பண்ணுங்க" என்றார்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரியவே வாரக்கணக்கில் ஆயிற்று. அது புரிய, இந்த மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். ஆர் ஒரு நிறுவனம் செய்து விற்ற சரக்கு அல்ல. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் எஸ் என்ற புள்ளியியல் மொழியை உருவாக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு விரிவுரையாளர்கள் தங்கள் மாணவர்களுக்குப் பாடம் நடத்த எஸ் போலவே ஒன்றை எழுதினார்கள். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஆர் என்ற எழுத்தில் தொடங்குவதால் அதே பெயர். 1993இல் வெளியே தெரியவந்தது, 1995இல் யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் விட்டார்கள், 1997இல் பல நாட்டவர் சேர்ந்த மையக் குழு அமைந்தது, 2000 பிப்ரவரி 29இல் ஒன்றாம் பதிப்பு. பாடம் நடத்துகிறவர்கள் வகுப்புக்காகச் செய்த கருவி என்று படித்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். நாமும் அந்த இனம்தானே.

ஆனால் ஆர் என்பது அடித்தளம் மட்டும். நமக்கு வேண்டிய வேலையைச் செய்வது தொகுப்புகள். அவை க்ரான் என்ற களஞ்சியத்தில் இருக்கின்றன, இன்று இருபதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு தொகுப்புக்கும் பராமரிப்பாளர் என்று ஒருவர் பெயர் கட்டாயம் இருக்கும், அவருடைய மின்னஞ்சலோடு. க்ரான் அந்தத் தொகுப்புகளை அடிக்கடி ஓட்டிச் சோதிக்கிறது. எங்காவது உடைந்தால் அந்த ஆளுக்குக் கடிதம் போகும், கெடு வைப்பார்கள். கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் தொகுப்பைக் கிடங்குக்குத் தள்ளிவிடுவார்கள். அதாவது நாம் "ஆர்" என்று ஒரே பெயராகச் சொல்வதற்குள் ஆயிரக்கணக்கான தனி மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகும், வேலை மாறும், குழந்தை பிறக்கும், சலிப்பு வரும். இது எனக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவர்களும் சொன்னதில்லை.

ஆர்ஜிடாலை 2000களின் தொடக்கத்தில் டிம் கீட் என்பவர் எழுதினார். பிறகு நீண்ட காலம் அதைத் தாங்கியவர் ரோஜர் பிவாண்ட், நார்வேயின் பெர்கன் நகரத்தில் பொருளாதாரப் பள்ளி ஒன்றின் பேராசிரியர். ஆர்ஜியோஸும் மேப்டூல்ஸும்கூட அவர் தலையில்தான் இருந்தன. அவர் ஓய்வுபெற்றார். அவ்வளவுதான் விஷயம். மூன்றையும் 2023 அக்டோபரில் க்ரானிலிருந்து இறக்கிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்தது கோபம். எங்கேயோ பனியில் இருக்கும் ஒரு மனிதர் பென்ஷன் வாங்கினால் பேராக்கில் என் ஆய்வேடு ஏன் நிற்க வேண்டும் என்று சமையலறையில் என் கணவரிடம் கத்தினேன். அவர் தோட்டத்து ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறவர். "அறுபது வயசுல நாங்களுந்தான் போவோம், யாரு நிப்பாட்டுறது?" என்றார்.

அப்புறம் படிக்கப் படிக்கக் கோபம் திசை மாறியது. அவர் சொல்லாமல் போகவில்லை. 2021 இறுதியிலிருந்தே அந்தத் தொகுப்பைத் திறக்கும்போதெல்லாம், 2023 முடிவுக்குள் இது ஓய்வுபெறும், அதே வேலையைச் செய்யும் எஸ்எஃப் அல்லது டெர்ரா என்ற தொகுப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று திரையில் செய்தி வந்துகொண்டிருந்திருக்கிறது. அதை நம்பியிருந்த மற்றத் தொகுப்புகளின் பராமரிப்பாளர்களுக்கும் முன்கூட்டியே தகவல் போயிருக்கிறது. மாற்று வழியும் தயாராக இருந்தது: பிவாண்டோடு பல காலம் சேர்ந்து வேலை செய்த எட்ஸர் பெபெஸ்மா, ஜெர்மனியின் மூன்ஸ்டரில் இருக்கிறவர், 2016இலேயே எஸ்எஃப் தொகுப்பை வெளியிட்டிருந்தார். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்றபோது கணினி அறைச் சாவி யாரிடம் என்றே தெரியாமல் பூட்டை உடைத்தோம். இவரோ இரண்டு வருட முன்னறிவிப்புக் கொடுத்து, வாரிசையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பின்னே எனக்கு ஏன் அந்தச் செய்தி கண்ணில் படவில்லை? அக்காவின் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். தொகுப்புகளை ஏற்றும் வரியைச் சுற்றி, தொடக்கச் செய்திகளைக் காட்டாதே என்று ஒரு கட்டளை போட்டிருந்தது. திரை சுத்தமாக இருக்கட்டும் என்று பலரும் போடுவதுதான். அந்த ஒரு வரி, ஒரு வருடத்துக்கும் மேலாக எனக்கு வந்துகொண்டிருந்த அறிவிப்பை விழுங்கியிருக்கிறது.

எனவே யாரிடமிருந்து ஸ்கிரிப்ட் வாங்கினாலும் முதல் வேலை, செய்திகளையும் எச்சரிக்கைகளையும் அமுக்கும் வரிகளைத் தேடி நீக்கிவிட்டு ஒருமுறை ஓடவிடுங்கள். சிவப்பாக வருகிற எல்லாமே எரர் இல்லை. பாதிக்கு மேல் தகவல்தான், ஆனால் அந்தத் தகவலில்தான் உங்கள் ஆய்வின் ஆயுள் எழுதியிருக்கும். இரண்டாவது, ஸ்கிரிப்ட் ஏற்றும் ஒவ்வொரு தொகுப்பின் க்ரான் பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பராமரிப்பாளர் யார், வேறு எத்தனை தொகுப்புகள் அதை நம்பியிருக்கின்றன என்று அங்கேயே இருக்கும். பல ஆண்டாக அசையாமல் கிடந்தால் கெட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் மாற்று என்ன என்று அப்போதே தேடி வைத்துக்கொள்ளலாம்.

நான் இதெல்லாம் தெரிவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டேன். கிடங்கிலிருந்து பழைய ஆர்ஜிடாலை எடுத்து நானே கட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், கிடங்கில் போட்டதை யாரும் அழிப்பதில்லை, மூலநிரல் அப்படியே இருக்கிறது. ஆனால் விண்டோசில் அதைக் கட்ட ஆர்டூல்ஸ் என்ற இன்னொரு மூட்டை வேண்டும், அது நூற்றுக்கணக்கான மெகாபைட். மழை நாளில் எங்கள் லயனில் இணையம் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். இறக்கியும் முடித்தேன், கட்டும்போது எங்கோ ஒரு நூலகம் கிடைக்கவில்லை என்று நின்றது. குறிப்பிட்ட தேதியில் க்ரான் எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப எடுத்துக் கொடுக்கும் சேவை ஒன்று உண்டு என்று இன்னொருவர் அனுப்பினார். சுட்டியைத் தட்டினால் ஒன்றுமில்லை. அதை நடத்திய நிறுவனம் 2023 நடுவிலேயே அந்தச் சேவையை மூடிவிட்டிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அதே மாதிரித் தேதிவாரிப் பிரதியை போசிட் பேக்கேஜ் மேனேஜர் என்ற சேவையும் தருகிறது என்று. பழைய ஆர் பதிப்பையும் அதற்குரிய தேதியின் தொகுப்புகளையும் சேர்த்து எடுத்தால் பழைய ஸ்கிரிப்ட் ஓடும். அவசரத்துக்கு அது நல்ல வழி. ஆனால் ஓய்வுபெற்ற தொகுப்பின் மேல் புதிதாக வேலையை வளர்க்கக் கூடாது.

இதற்கிடையில் பணம் போன கதை. ஆய்வு மாணவர்களுக்கு "உதவி" செய்கிறேன் என்று கைப்பேசியில் விளம்பரம் போடும் ஒருவரைப் பிடித்தேன். ஸ்கிரிப்டைப் புதிய தொகுப்புக்கு மாற்றித் தர 850 வெள்ளி, முன்பணமாக முழுதும். ஒரு வாரம் என்றார், பெருநாள் முடிந்து வந்தது. ஓடியது, படமும் வந்தது. ஆறுதலாகத் தூங்கினேன். மறுநாள் அந்தப் புள்ளிகளை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, கீழே செயற்கைக்கோள் படம் போட்டுப் பார்த்தேன். நான் காது குத்திக்கொண்ட மாரியம்மன் கோயில், அரச மரத்தோடு இன்றும் அதே இடத்தில் நிற்கிறது, கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. என் புள்ளியோ அதற்குக் கிழக்கே செம்பனைக்குள் கிடந்தது. அளந்து பார்த்தேன், ஏறக்குறைய நூற்றைம்பது மீட்டர். எல்லாப் புள்ளிகளும் அதே அளவு, அதே திசையில் தள்ளியிருந்தன. அவரிடம் சொன்னேன். "மேப்புன்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கும் டீச்சர், சூப்பர்வைசர் பார்க்க மாட்டாரு" என்றார். பணம் கேட்டேன், எண்ணை முடக்கிவிட்டார்.

அந்த நூற்றைம்பது மீட்டர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததுதான் இந்த முழு அலைச்சலில் எனக்குப் பிடித்த பகுதி, எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலாயா வரைபடத்தைப் பாருங்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து கிடக்கிறது. அந்தச் சரிவுக்கு ஏற்றபடி சாய்ந்த கட்டம் ஒன்றை 1940களில் பிரிட்டிஷ் அளவையாளர் மார்ட்டின் ஹொட்டின் வடிவமைத்தார். அதுதான் ஆர்எஸ்ஓ. அதற்கு ஆதாரமான டேட்டம், அதாவது அளவையின் தொடக்கப் புள்ளி, பகாங்கில் உள்ள கெர்த்தாவ். அக்கா எடுத்த பழைய வரைபடங்கள் இந்தக் கணக்கில்தான். கைப்பேசி ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது டேட்டம். இரண்டும் பூமியின் நடுவை வேறு வேறு இடத்தில் வைக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக −11, 851, 5 என்று மூன்று எண்கள் பல காலமாகப் புழக்கத்தில் உள்ளன. மூன்று அச்சுகளிலும் எத்தனை மீட்டர் நகர்த்த வேண்டும் என்பது அது. அக்காவின் ஸ்கிரிப்டில் அந்த மூன்று எண்களும் ஒரு நீண்ட வரியின் நடுவில் இருந்தன. உதவியாளர் அந்த வரியைச் சுருக்கும்போது அவற்றை வெட்டிவிட்டார். எரர் வராது. மென்பொருள் "டேட்டம் தெரியாது, இரண்டும் ஒன்றுதான் போல" என்று எடுத்துக்கொண்டு அமைதியாகத் தவறான இடத்தில் புள்ளி வைத்துவிடும்.

அவர் ஏன் வெட்டினார் என்பதற்கும் ஒரு பின்னணி இருக்கலாம் என்று பிறகு தோன்றியது. ஆர்ஜிடாலும் எஸ்எஃப்பும் ஆயத்தொலைக் கணக்கைத் தாமே போடுவதில்லை. அடியில் ப்ராஜ், ஜிடால் என்ற இரண்டு நூலகங்கள் உள்ளன. ப்ராஜ் 1980களில் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தில் ஜெரால்ட் எவெண்டன் தொடங்கியது. ஜிடாலைக் கனடாவின் ஃபிராங்க் வார்மர்டாம் 1998இல் தொடங்கினார், பிற்காலத்தில் பாரத்தின் பெரும்பகுதி பிரான்சின் எவன் ரூவோ தோளில். உலகத்தில் காசு கொடுத்து வாங்கும் வரைபட மென்பொருள்கள் சிலவற்றுக்குள்ளும் இத்தகைய நூலகங்கள் இருக்கின்றன. 2018இல் இதைப் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் பணம் திரட்டி, டேட்டம் மாற்றும் முறையையே அடியோடு மாற்றி எழுதினார்கள். 2019இல் ப்ராஜ் 6, ஜிடால் 3 வந்தன. பழைய பாணி வரிகளுக்கு டேட்டம் நிராகரிக்கப்பட்டது என்று எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. பலர் பயந்து அந்த எண்களையே எடுத்துவிட்டார்கள். மூன்று அடுக்கு கீழே இருந்த நல்ல மாற்றம் ஒன்று, மேலே தெரியாமல் கைவைத்தவரால் என் கோயிலைச் செம்பனைக்குள் கொண்டுபோய் வைத்தது.

தள்ளினால் என்ன, எல்லாம் ஒரே அளவு தள்ளுகிறதே, தூரம் மாறாதே என்று மேற்பார்வையாளர் கேட்டார். நல்ல கேள்வி. பழைய லயனுக்கும் பழைய கோயிலுக்கும் இடையே மாறாது. ஆனால் பழைய லயனுக்கும் ஜிபிஎஸ் கொடுத்த இன்றைய பள்ளிக்கும் இடையே மாறும். ஒரு பக்கம் மட்டும்தானே தள்ளியிருக்கிறது. நடந்து போகும் தூரத்தை அரை கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுகிற ஆய்வில் நூற்றைம்பது மீட்டர் என்பது முடிவையே புரட்டிவிடும். ஆகவே, ஆயத்தொலை மாற்றிய எந்த ஆய்வானாலும், கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடிய பழைய கட்டடம் சிலவற்றைத் தேர்ந்து, கோயில், தோட்டத்து ஆபீஸ், ரயில் நிலையம் எதுவானாலும், செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். 850 வெள்ளி கொடுத்துக் கற்றது இது.

சரிசெய்தது எப்படி என்றால், கேட்டுத்தான். ஆர் புழங்குகிறவர்கள் பொதுவில் கேள்வி கேட்கும் இடத்தில் முதலில் என் முழு ஸ்கிரிப்டையும், திரையைக் கைப்பேசியில் எடுத்த படத்தையும் போட்டு "ஹெல்ப் ப்ளீஸ்" என்று எழுதினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது, நம் ஆங்கிலம் சரியில்லையோ என்றுகூட நினைத்தேன். காரணம் அதுவல்ல. பதில் சொல்கிறவர்கள் எல்லாம் சம்பளமில்லாமல் தங்கள் இரவு நேரத்தில் செய்கிறார்கள்; ஒரு பார்வையில் ஓட்டிப் பார்க்க முடிந்தால்தான் கை வைப்பார்கள். மறுமுறை ஒரே ஒரு புள்ளி, அந்தக் கோயில் மட்டும், சில வரி நிரல், என்ன வரவேண்டும், என்ன வந்தது, எந்த ஆர், எந்த எஸ்எஃப், எந்த ப்ராஜ் என்ற பதிப்பு விவரம், எல்லாம் படமாக இல்லாமல் எழுத்தாகப் போட்டேன். பதிப்பு விவரத்தை எடுக்க ஆரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது, செஷன்இன்ஃபோ என்று. சாயங்காலம் போட்டது, காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் பதில் வந்திருந்தது. அந்த மூன்று எண்களைத் திரும்ப எங்கே வைப்பது என்று ஒரே வரி. சேர்த்து ஓடவிட்டேன், கோயில் அரச மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. முகம் தெரியாத ஒருவர், ஒரு காசு வாங்காமல்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு ஞாபகம் வராமல் இருக்காது. 1960இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே சிறு சிறு தொகை போட்டு வாங்கினார்கள். என் தாத்தாவும் பங்கு போட்டவர். பங்கு என்றால் கூட்டத்துக்குப் போக வேண்டும், கணக்குக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்வார். ஆர் தொகுப்புகளில் நாம் அனுபவிக்கிறோமே தவிர, பங்குக்காரர்கள் மாதிரி நடந்துகொள்வதில்லை. எஸ்எஃப் எழுதத் தொடக்கத்தில் ஆர் கன்சார்டியம் என்ற அமைப்பு நிதி கொடுத்தது. அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நியூம்பை என்ற, பைத்தான் நிரல்மொழிக்கான நூலகம் உலகமே பயன்படுத்துவது, 2006இல் ஒன்றாம் பதிப்பு வந்தது, 2017வரை அதற்கென்று முறையான நிதியே கிடையாது. மற்றவர்கள் வேலை நேரத்துக்கு வெளியே செய்கிறார்கள்.

பணம் கொடுக்க முடியாத நாம் செய்யக்கூடியதில் சுலபமானது மேற்கோள். ஆரில் சைட்டேஷன் என்ற கட்டளைக்குள் தொகுப்பின் பெயரைக் கொடுத்தால், அதை எப்படிக் குறிப்பிடுவது என்று அதுவே சொல்லும். எஸ்எஃப்புக்கு 2018இல் ஆர் ஜர்னலில் பெபெஸ்மா எழுதிய கட்டுரையைக் காட்டும். நான் அதை ஆய்வேட்டில் சேர்த்தபோது, மென்பொருளுக்கெல்லாம் எதற்கு மேற்கோள், மைக்ரோசாஃப்ட் வேர்டுக்குப் போடுகிறோமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். இவர்கள் பல்கலைக்கழக ஊழியர்கள், இந்தப் பராமரிப்பு வேலையை அங்கே யாரும் வேலையாக எண்ணுவதில்லை, மேற்கோள் எண்ணிக்கைதான் அவர்கள் காட்டக்கூடிய சான்று என்று சொன்னேன். எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு அடுத்து, உதவிப் பக்கத்தில் ஓடாத உதாரணம் ஒன்றைக் கண்டால் நாகரிகமாக எழுதிப் போடுவது. நான் போட்டது ஒரு சின்ன எழுத்துப்பிழை, ஏற்றுக்கொண்டார்கள். அன்று வகுப்பில் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டேன், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

கூடுதல் தவணைக்கு 1,400 வெள்ளி கட்டினேன். மென்பொருள் நின்றதால் தாமதம் என்று காரணம் எழுதிக் கட்டண விலக்குக் கேட்டேன், அது ஒரு காரணமாக அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. லேப்டாப் தொலைந்தது என்று எழுதியிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். இப்போது படிக்கிறவர்கள் இப்படி ஒன்று நடந்தால் நடந்த அன்றே மேற்பார்வையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து வையுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. தொகுப்புகளின் பதிப்புகளைப் பூட்டி வைக்க ஆர்என்வ் என்ற தொகுப்பு இருக்கிறது. ஆய்வுக் கோப்புறைக்குள்ளேயே எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பு என்று குறிப்பேடு ஒன்றை அது எழுதி வைக்கும். கணினி மாறினாலும் அந்தக் குறிப்பேட்டைக் காட்டி அதே நிலைக்குத் திரும்பலாம். தொடங்கிய அன்றே போட வேண்டியது அது.

வரைபட வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம். பழைய தாளில் கெர்த்தாவ் ஆர்எஸ்ஓ என்று இருந்து எண்கள் மீட்டரில் என்றால் ஈபிஎஸ்ஜி எண் (ஆயத்தொலை முறையின் அடையாள எண்) 3168, செயினில் என்றால் 3167. ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் எனக்குக் கொடுத்த தோட்டப் பிளான் செயினில்தான் இருந்தது. ஒரு செயின் 66 அடி, அதாவது இருபது மீட்டரும் கொஞ்சமும். 2003இல் அறிமுகமான ஜிடிஎம் 2000 என்ற புதிய டேட்டத்தின் கணக்கில் வந்த புதிய தாள் என்றால் தீபகற்பத்துக்கு 3375. எண்ணைப் போட்டுவிட்டால் டேட்டம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், கோயிலை வைத்துப் பாருங்கள்.

போன மாதம் ஒரு தங்கச்சி அதே ஸ்கிரிப்ட் வேண்டும் என்று கேட்டு வீட்டுக்கு வந்தாள், கோலகங்சாரில் ஆசிரியை. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போகச் சொல்லாமல், அவள் லேப்டாப்பில் என் முன்னாலேயே ஓடவிடச் சொன்னேன். எல்லாச் செய்திகளும் திறந்தபடி. படம் வந்துவிட்டது, அவள் மூடப் போனாள். மேலே ஓர் எச்சரிக்கை இருந்தது. இருவரும் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அதைப் படித்தோம். நான் பயன்படுத்திய ஒரு செயற்கூறு இனி வரும் பதிப்பில் இருக்காதாம், பதிலாக எது என்றும் அதிலேயே போட்டிருந்தது. அவளிடம் இருந்த பிரதியிலும் என்னுடையதிலும் அந்த வரியை அப்போதே மாற்றினோம். பராமரிப்பாளர் பெயரையும் அவள் குறித்துக்கொண்டாள்.